ஆர்டிஓ லைசென்ஸை ரத்து பண்ணிட்டாவ. கோர்ட்டுக்குப் போனா திரும்பக் கிடைக்குமா?

முக்கூடல் மருமகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுதாவ. களக்காட்டுல வாழைத்தார் ஏத்தி நயினார்குளம் மார்க்கெட்டுல இறக்குவாவ. தார் வரத்து இல்லாத நாள்ல பாவூர்சத்திரம் சந்தையில காய்கறி லோடு. சொந்த வண்டிதான், தவணை இன்னும் 14 மாசம் பாக்கி இருக்கு. நான் பீடி சுத்துதேன். அதுல வாரது அரிசிக்கும் பாலுக்கும் சரியாப் போயிரும். வண்டி ஓடினாத்தான் தவணை.

ஜனவரி கடைசியில சேரன்மகாதேவி பக்கம் அவரோட பெரியப்பா துட்டிக்கு (சாவு வீட்டுக்கு) போயிட்டு ராத்திரி பைக்குல திரும்பி வந்தாவ. வழியில போலீஸ் செக்கிங். மெஷின்ல ஊதச் சொன்னாவ, 68-னு காட்டிருக்கு. அந்தச் சீட்டு என்கிட்டதான் இருக்கு, எழுத்து மங்கிட்டே வருது. லைசென்ஸை வாங்கிக்கிட்டு ஒரு ரசீது குடுத்து அனுப்பிட்டாவ. மறுநாள் காலையில பைக்கை எடுக்க நானும் கூடப் போனேன்.

இது முதல் தடவை இல்ல. 2023-லயும் ஒரு தடவை பைக்குலயே மாட்டி, கோர்ட்டுல 10,000 ரூபாய் கட்டினோம். நான் சேத்து வச்சிருந்த சீட்டுப் பணம் அது. அப்போ லைசென்ஸ் மேல யாரும் கை வைக்கல.

இப்போ மார்ச் 14-ஆம் தேதி ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்திருக்கு. லைசென்ஸ் ரத்துன்னு இருக்கு. அதுல ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கேன்: "தங்களது விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை." நாங்க விளக்கமே குடுக்கலயே! என்னன்னு விசாரிச்சா, பிப்ரவரியிலயே ஒரு நோட்டீஸ் எங்க மாமியார் வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு. லைசென்ஸ்ல பழைய விலாசம்தான். அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டு வாங்கி, முக்கியமான கடுதாசின்னு முருகன் படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிட்டாவ. ஏழு நாளைக்குள்ள விளக்கம் குடுக்கணும்னு அதுல இருக்கு.

அவர் குடிச்சது தப்பு. அதை மறைக்க நான் இங்க வரல. அந்த நேரத்துல எதிர்ல ஒரு புள்ள சைக்கிள்ல வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு ரெண்டு நாள் நானே அவர்கூடப் பேசல. ஆனா கேக்காமலே "உன் விளக்கம் சரியில்ல"ன்னு எழுதினது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இந்த உத்தரவைக் கோர்ட்டு திருப்பிப் பாக்குமா? போலீஸ் கேஸுக்கு ஏப்ரல் கடைசியில சம்மன் இருக்கு. கூட ஓட்டுறவங்க எல்லாம் "ஒத்துக்கிட்டு பணத்தைக் கட்டிருங்க, அன்னைக்கே முடிஞ்சிரும்"னு சொல்லுதாவ. அது சரியா? இன்னொண்ணு, மண்டியில "ராத்திரி லோடு தானே, யாரு பாக்கப் போறா, ஓட்டு"ங்காவ. எனக்குப் பயமா இருக்கு.

பாளை குமாஸ்தா எழுதியது:

தங்கச்சி, நான் வக்கீல் இல்ல. பாளையங்கோட்டை கோர்ட்டுல 31 வருஷமா வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன். தெரிஞ்சதைச் சொல்லுதேன். கடைசியில ஒரு வக்கீல்கிட்ட காயிதத்தைக் காட்டித்தான் ஆகணும்.

முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில். ஓட்டக்கூடாது. ராத்திரி லோடு, பகல் லோடுன்னு எதுவும் கிடையாது. ரத்தான லைசென்ஸோட ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 182-வது பிரிவுல 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 10,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதை விடப் பெரிசு இன்சூரன்ஸ். அந்த நேரத்துல ஒரு ஆள் மேல இடிச்சிட்டா, லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான்னு கம்பெனி கையை விரிச்சிரும். அவங்களே குடுத்தாலும் பின்னால உங்ககிட்ட இருந்து வசூல் பண்ண வருவாங்க. குட்டியானையும் போகும், வீடும் போகும். லைசென்ஸ் உள்ள வேற ஆளை வச்சு ஓட்டுங்க, கூலி குடுத்தது போக மிச்சம் கொஞ்சமா இருந்தாலும் தவணை நிக்காது.

இப்போ விஷயம். இது ரெண்டு தனித்தனி வழக்கு. எல்லாரும் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கிடுதாங்க. ஒண்ணு ஆர்டிஓ கையில உள்ளது, 19-வது பிரிவு. இன்னொண்ணு மாஜிஸ்திரேட் கையில உள்ளது, குடிச்சிட்டு ஓட்டினதுக்கான 185-வது பிரிவும் 20-வது பிரிவும். ஒண்ணுல தப்பிச்சா இன்னொண்ணுல தப்பிச்சதா ஆகாது.

ஆர்டிஓ வழக்கை எடுத்துக்குவோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, குடிச்சிட்டு ஓட்டினதா போலீஸ் நம்பினா அங்கேயே லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பணும். ஒரு ரசீது தருவாங்க, ஆனா அதை வச்சு ஓட்ட முடியாது. ஆர்டிஓ உங்களை விசாரிச்சு, தப்பு நடந்ததுன்னு திருப்தி ஆனா முதல் தடவைக்கு 3 மாசம் தடை, ரெண்டாம் தடவைக்கு ரத்துன்னு உத்தரவு போடலாம். தடைன்னா காலம் முடிஞ்சதும் லைசென்ஸ் தானா வராது, மறுபயிற்சி வகுப்பு முடிச்சாத்தான் கையில குடுப்பாங்க. ரத்துன்னா பேரைப் பொதுவுல வெளியிடவே சட்டத்துல இடம் இருக்கு. இதுல "விசாரிச்சு"ங்கிற வார்த்தை இருக்கு பாருங்க, உங்க பலம் அதுலதான்.

உத்தரவு கையில கிடைச்ச நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள மேல்முறையீடு போடலாம். யாருக்குப் போடணும்னு உத்தரவோட அடியிலயே சின்ன எழுத்துல இருக்கும், பாருங்க. நேரா மதுரை ஹைகோர்ட்டுக் கிளைக்கு ஓடாதீங்க. "சட்டத்துலயே மேல்முறையீடு இருக்கே, அங்க ஏன் போகல?"ன்னுதான் ஹைகோர்ட்டுல முதல் கேள்வி வரும். கேக்காமலே உத்தரவு போட்டா அந்தக் கேள்வியைத் தாண்டி ரிட் மனுவை (ஹைகோர்ட்டுல நேராப் போடுற மனு) எடுத்துக்குறதும் உண்டு. ஆனா உங்க கேஸ்ல நோட்டீஸ் உங்க மாமியார் கையெழுத்துல போய்ச் சேர்ந்திருக்கு. "நோட்டீஸே வரல"ன்னு எழுதிராதீங்க. அது பொய். கையெழுத்துப் போட்ட அட்டையை எடுத்து நீட்டினாங்கன்னா உங்க மிச்ச வாதமும் சேர்ந்து செத்துரும்.

நீங்க பிடிக்க வேண்டியது நீங்களே பிடிச்ச அந்த வரிதான். குடுக்காத விளக்கத்தை "ஏற்கத்தக்கதாக இல்லை"ன்னு எழுதினா, ஆபீசர் கோப்பைப் பாத்து எழுதல, அச்சடிச்ச தாள்ல பேரையும் நம்பரையும் நிரப்பிருக்காங்கன்னு அர்த்தம். காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும்னு சட்டமே சொல்லுது. இந்த ஒரு வரியை வச்சு மேல்முறையீட்டுல பலமாக் கேக்கலாம். அந்த வரிக்கு அடியில பென்சிலால கூடக் கோடு போடாதீங்க. அசலை அப்படியே வச்சிக்கிட்டு நகல் எடுங்க.

இன்னொண்ணு பாருங்க. எந்த உட்பிரிவுல ரத்து பண்ணிருக்காங்க? பழக்கமாக் குடிக்கிறவர்னு 19(1)-ல போட்டிருந்தா, ஆபீசருக்கு ரெண்டு வழி உண்டு: குறிப்பிட்ட வகை வண்டிக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குத் தடை விதிக்கலாம், இல்லாட்டி மொத்தமா ரத்து பண்ணலாம். சின்னதை விட்டுட்டு ஏன் பெரிசை எடுத்தீங்கன்னு கேக்கலாம். ரெண்டு தடவையும் பைக்குலதான் மாட்டிருக்காரு, லோடு வண்டியில ஒரு புகாரும் இல்லன்னு அங்க சொல்லணும். ரெண்டாம் தடவைங்கிற கணக்குல 19(1ஏ)-ல போட்டிருந்தா இந்த வாதம் இளைச்சுப் போகும். 2023-ல ஆர்டிஓ முன்னால விஷயமே வரலங்கிறதை வச்சு இது ரெண்டாவதுதானான்னு கேக்க இடம் இருக்கு. அது வக்கீல் பாடு.

கோர்ட்டு என்ன பாக்கும்னு கேட்டீங்க. மேல்முறையீட்டுல வர்ற உத்தரவே முடிவானதுன்னு சட்டம் சொல்லுது. அதுக்கு மேல அரசியலமைப்பு 226-வது பிரிவுல மதுரைக் கிளைக்குத்தான் போகணும். 2004 ஜூலையில மதுரைக் கிளை வர்றதுக்கு முன்னால நாங்க கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போவோம். இப்போ காலையில பஸ் ஏறினா மாட்டுத்தாவணி. ஆனா அங்க நீதிபதி உங்க வீட்டுக்காரர் குடிச்சாரா இல்லையான்னு திரும்ப விசாரிக்க மாட்டாரு. அதிகாரம் உள்ள ஆபீசரா, கேட்டாரா, காரணம் சொன்னாரா, சட்டம் சொன்ன அளவுக்குள்ள தண்டிச்சாரா, இதைத்தான் பாப்பாரு. ஜெயிச்சாலும் பெரும்பாலும் "மறுபடி விசாரிச்சுப் புது உத்தரவு போடு"ன்னுதான் வரும். அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். உங்க சீட்டுல 68. அதை எந்தக் கோர்ட்டும் அழிக்காது. சீட்டு மங்குதுன்னா இன்னைக்கே நகல் எடுங்க.

விபத்துல எஃப்ஐஆர் போட்டதும் லைசென்ஸை நிறுத்தி வச்ச உத்தரவுகளை ஹைகோர்ட்டு பல தடவை ரத்து பண்ணிருக்கு. அந்தத் தீர்ப்புகளைக் காட்டி "உங்களுக்கும் வாங்கித் தாரேன்"னு யாராவது சொன்னா உடனே பணம் குடுத்துராதீங்க. அதுல தப்பு யார் மேலன்னு முடிவாகாம இருக்கும். இதுல மெஷின் சீட்டு இருக்கு, 2019 திருத்தமும் இருக்கு.

இனி மாஜிஸ்திரேட் கேஸ். 185 ஸ்பாட் ஃபைன் கட்டித் தீர்க்கிற குற்றம் இல்ல, கோர்ட்டுக்குப் போயே ஆகணும். முதல் தடவைக்கு 6 மாசம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது ரெண்டும். ரெண்டாம் தடவைக்கு 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது ரெண்டும். "ஒத்துக்கிட்டுக் கட்டிருங்க"ன்னு சொல்றவங்களுக்கு 20-வது பிரிவு தெரியாது. 185-ல தண்டிச்சா கோர்ட்டே குறைஞ்சது 6 மாசத்துக்கு லைசென்ஸ் தடை போடணும். 2023-ல போடாம விட்டதை வச்சு இந்தத் தடவையும் விடுவாங்கன்னு நம்பாதீங்க. அதோட, குற்றத்தை ஒத்துக்கிட்டா அப்புறம் தண்டனை அதிகம்னோ சட்டப்படி இல்லன்னோதான் அப்பீல் போக முடியும், குற்றமே செய்யலன்னு போக முடியாது. முன்னால குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 375-வது பிரிவா இருந்தது, இப்போ புதுச் சட்டத்துல 416. ஒரே ஒரு கதவு திறந்திருக்கு: தீர்ப்பை எதிர்த்து அப்பீல் இல்லாத கேஸ்ல கூட லைசென்ஸ் தடையை மட்டும் மேல் கோர்ட்டு மாத்தலாம்னு 20-வது பிரிவே சொல்லுது. இது பல பேருக்குத் தெரியறது இல்ல.

ஒத்துக்கணுமா கூடாதாங்கிறதை, குற்றப்பத்திரிகை நகலை வாங்கிப் படிச்ச பிறகு வக்கீல்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. வரிசையில நிக்கும்போது பக்கத்து ஆள் தலையாட்டினான்னு ஆட்டிராதீங்க. பணம் இல்லன்னா கோர்ட்டு வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. 15100-க்குப் போன் போட்டாலும் சொல்வாங்க.

உத்தரவு வந்த கவர் இருக்கா? அதைச் சொல்லுங்க.

வல்லநாட்டான் எழுதியது:

குமாஸ்தா அண்ணாச்சி, நீங்க சொன்னது எல்லாம் சட்டம். நான் மறுபக்கத்துல இருந்து எழுதுறேன், அந்த அக்கா மன்னிக்கணும்.

எங்க அப்பா தூத்துக்குடி ரோட்டுல டீ குடிச்சிட்டு சைக்கிளை உருட்டிக்கிட்டு ரோட்டோரமா நடந்து வந்தாரு. குடிச்சிட்டு லோடு வண்டி ஓட்டினவன் மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. மானாவாரிக் காட்டுல உளுந்து விதைச்சுக்கிட்டு இருந்த மனுஷன். இப்போ வாசத்திண்ணையில உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்காரு. மோதினவனுக்கு லைசென்ஸ் சீக்கிரமே திரும்பி வந்துட்டு. அதே வண்டியில எங்க ஊரு வழியாத்தான் போறான். வண்டிச் சத்தம் கேட்டா அப்பா உள்ள எழும்பிப் போயிருவாரு.

ரெண்டாவது தடவை மாட்டினவருக்கு ரத்துன்னு சட்டம் வந்தது இவர் மாதிரி ஆளுங்களுக்காகத்தான். எதுக்குத் திரும்பக் குடுக்கணும்? ஒரு வரியைத் தப்பா எழுதிட்டாங்கன்னு வெளிய விட்டா, மூணாவது தடவை யாரோட அப்பா?

பாளை குமாஸ்தா எழுதியது:

தம்பி, அப்பாவை நெனச்சு மனசு கனத்துப் போச்சு. உங்க கேள்விக்கு நான் கோர்ட்டுல பாத்ததைச் சொல்லுதேன். அவசரத்துல அச்சடிச்ச தாளை நிரப்பிப் போடுற உத்தரவுதான் மேல போய் உடையுது. அது உடைஞ்சா, உண்மையிலேயே ஆபத்தான ஆளும் மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடிச்சிருவான். கூப்பிட்டு உக்கார வச்சு, "2023-லயும் நீ, இப்பவும் நீ, என்ன சொல்லுத?"ன்னு கேட்டு, அவன் சொன்னதை எழுதி, அது ஏன் போதாதுன்னு நாலு வரி எழுதி ரத்து பண்ணின உத்தரவை மதுரையில உடைச்சு நான் பாத்ததில்ல. அந்த விசாரணை உங்க அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

இந்தத் தங்கச்சியோட வீட்டுக்காரருக்குக் கண்டிப்பா லைசென்ஸ் கிடைக்கணும்னு நான் சொல்லல. கேட்ட பிறகு ரத்து பண்ணினா அதை ஏத்துக்கத்தான் வேணும்.

ஹைகிரவுண்டு சிஸ்டர் எழுதியது:

அக்கா, நான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். சட்டம் அண்ணாச்சி சொல்லிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்: அவர் துட்டி, கல்யாணம்னு எப்பவாவது குடிக்கிறவரா, இல்ல தினமும் வேணுமா? காலையில கை நடுங்குதா? லோடு முடிச்சு வந்ததும் தேடுறாரா? இதை ஒளிக்காம நீங்க ரெண்டு பேரும் பேசணும்.

தினமும் குடிக்கிறவரா இருந்தா, இந்த உத்தரவைப் பாத்த வேகத்துல "இன்னையோட விட்டேன்"னு வீட்டுலயே நிறுத்த விடாதீங்க. ரொம்ப நாள் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. நைட் டூட்டியில அப்படிக் கொண்டு வந்த ஆளுங்களைக் கையைப் பிடிச்சு வச்சு ஊசி போட்டிருக்கேன். மனநலப் பிரிவு ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. மாத்திரை குடுத்துப் படிப்படியாக் குறைப்பாங்க. போதை மீட்புக்கு 14446-னு இலவச எண்ணும் இருக்கு.

ஓபி சீட்டை வாரா வாரம் பத்திரமா வைங்க. விசாரணையில "இனி குடிக்க மாட்டேன்"னு எல்லாரும்தான் சொல்வாங்க. தேதி போட்ட சீட்டு இருந்தா அது வேற. ஆனா சீட்டுக்காகக் கூட்டிட்டு வராதீங்க, அவருக்காகக் கூட்டிட்டு வாங்க.

முக்கூடல் மருமகள் எழுதியது:

எல்லாத்தையும் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். வல்லநாட்டுத் தம்பி எழுதினதை வாசிக்கும்போது பாதியில எழும்பி வெளிய போயிட்டாவ. திரும்பி வந்து, "அந்த அய்யாவுக்கு இப்போ எப்படி இருக்குன்னு கேளு"ன்னாவ. தம்பி, அப்பா எப்படி இருக்காவ? நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல.

சிஸ்டர், தினமும் இல்லன்னுதான் இத்தனை நாளா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டேன். லோடு இறக்கினதும் மார்க்கெட்டுக்கு வெளிய தினமும்தானாம். அதுக்கப்புறம் நயினார்குளத்துல இருந்து வீடு வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுத்தான் வந்திருக்காவ. என் காலுக்குக் கீழ தரை இல்லாத மாதிரி ஆயிட்டு. நாளைக்குக் காலையில ஓபிக்கு வாரோம்.

அண்ணாச்சி, லோடு வண்டியில புகார் இல்லன்னு எழுதச் சொன்னீங்க. போலீஸ் பிடிக்கலங்கிறது மட்டும்தான் உண்மை. அதை எப்படி எழுதுறதுன்னு நீங்களே சொல்லுங்க. அவர் தம்பி, அவனுக்கு லைசென்ஸ் இருக்கு, களக்காட்டு லோடை அவன் எடுக்கான்.

கவர் கிடைச்சிட்டு. நான்தான் அதை நாலா மடிச்சு பீடி நூல் உருண்டையைப் போட்டு வச்சிருந்தேன். பின்பக்கம் முத்திரையில 14-ங்கிறது தெளிவாத் தெரியுது. உள்ள உத்தரவுல தேதி மார்ச் 3. அடியில 19(1ஏ)-ன்னு போட்டிருக்கு.

பாளை குமாஸ்தா எழுதியது:

அப்போ பைக்கு, லோடு வண்டிங்கிற வாதத்தையே விட்டுருவோம் தங்கச்சி. உண்மை இல்லாததை எழுத வேண்டாம். "எங்களை விசாரிக்கல, விசாரிங்க, கேட்ட பிறகு முடிவு பண்ணுங்க"ன்னு மட்டும் கேப்போம். நோட்டீஸை மாமியார் வாங்கினது, அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதது, முருகன் படத்துக்குப் பின்னால இருந்தது, எல்லாத்தையும் நடந்தபடியே எழுதணும். ஓபி சீட்டு நகலைக் கூட வைப்போம்.

14-ல இருந்து 30 நாள் ஏப்ரல் 13-ல முடியுது. 14 சித்திரை ஒண்ணு, எல்லா ஆபீஸும் லீவு. கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம், இந்த வாரமே போட்டுருவோம். ஆஸ்பத்திரியில இருந்து கோர்ட்டு பக்கம்தான். நாளைக்கு ஓபி முடிச்சிட்டு ரெண்டு பேரும் அப்படியே வாங்க. வெளிவாசல் பக்கம் ஜெராக்ஸ் கடையில "பெரிய குமாஸ்தா எங்க"ன்னு கேட்டாச் சொல்வாங்க. நூல் உருண்டையை எடுத்துட்டு கவரை அந்த மடிப்போடயே கொண்டாங்க, நீவி விடாதீங்க, முத்திரை மை உதிர்ந்துரும்.